பறக்கும் புலிகள்: 600 டாலர் வாங்கின விமானிகளைத் தன்னார்வலர்னு கொண்டாடலாமா?

#1 பழையபேப்பர்

போன வாரம் வேறொரு இழையில் சீனாவில் பறந்த அமெரிக்கத் தன்னார்வப் படையைப் பற்றி ('பறக்கும் புலிகள்' என்பது அதன் பட்டப்பெயர்) இரண்டு வரி எழுதினேன். "அது கூலிப்படை சார், அவங்களுக்கு எதுக்கு மரியாதை?" என்று ஒருவர் ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே வம்பு வளர்க்க வேண்டாம் என்று தனி இழை.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். கிளேர் ஷெனால்ட் என்று ஒருவர். அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் கேப்டன், காது சரியாகக் கேட்காது, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாது. 1937இல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் சீனாவுக்குப் போய், சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் விமானப்படைக்கு ஆலோசகர் ஆனார். ஜப்பான்காரன் சீன நகரங்களின்மேல் இஷ்டத்துக்குக் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். தடுக்க நல்ல விமானமும் இல்லை, போதுமான விமானிகளும் இல்லை.

1941இல் பிரிட்டனுக்குப் போக வேண்டிய 100 பி-40 போர் விமானங்களைச் சீனாவுக்குத் திருப்பிவிட ஏற்பாடாயிற்று. ஓட்ட ஆள்? அமெரிக்கா அப்போது போரில் இல்லை. அதனால் ராணுவம், கடற்படை, மரைன் மூன்றிலும் ஆள் பிடித்தார்கள். வேலையை ராஜினாமா செய்துவிட்டு 'காம்கோ' என்ற விமானக் கம்பெனியோடு ஒரு வருஷ ஒப்பந்தம் போட வேண்டும். பாஸ்போர்ட்டில் மாணவர், இசைக்கலைஞர் என்று ஏதாவது ஒரு தொழில். சாதா விமானிக்கு மாதம் 600 டாலர், ஸ்க்வாட்ரன் (விமானப் பிரிவு) தலைவருக்கு 750. சுட்டு வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர் தனி. இந்த 500 ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை, வாய்ச்சொல்தான். ஆனால் சீன அரசு கொடுத்தது.

பர்மாவில் டவுங்கூ என்ற ஊரில் பயிற்சி. 1941 டிசம்பர் 20 அன்று சீனாவின் குன்மிங் பக்கம் முதல் சண்டை. 1942 ஜூலை 4 அன்று படை கலைப்பு. சண்டை போட்டது மொத்தம் ஏழு மாதத்துக்கும் குறைவு. "நீங்கள் முன்னாள் படைவீரர்கள்தான்" என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது 1991இல். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்! என் கேள்வி இதுதான்: சம்பளம் பெரிசு என்பதால் தியாகம் சிறிசாகிவிடுமா?

#2 சும்மாவந்தேன்

தலைப்பைப் பார்த்து வேற புலின்னு நினைச்சு ஓடி வந்தேன். சரி, வந்ததுக்கு உக்காந்து படிக்கிறேன்.

#3 கணக்கன்

அந்த 'ஒரே போடு' ஆள் நான்தான். ஓடிப்போகல, இங்கேயே இருக்கேன்.

என் வாதம் நேரடியானது. ராணுவச் சம்பளத்தைப் போல ரெண்டு மூணு மடங்கு வாங்கிட்டு, தலைக்கு 500 டாலர் போனஸும் வாங்கினவனை ஏன் தன்னார்வலர்னு சொல்லணும்? எங்க ஊர்ல இதுக்கு 'காண்ட்ராக்ட் வேலை'ன்னு பேரு. தப்பில்ல. ஆனா மாலை போட வேண்டியதும் இல்ல.

போனஸ்னு வந்துட்டா கணக்கும் ஊதும். அவங்க பேர்ல ஏறியிருக்கிற கணக்கு 296 விமானம். ஜப்பான் பக்கப் பதிவுகளோட ஒப்பிட்டுப் பார்த்த பிற்கால ஆய்வு 115 பக்கத்துலதான் நிக்குது. மீதி எங்கே போச்சு?

#4 பழையபேப்பர்

மீதி எங்கேயும் போகவில்லை, வானத்திலேயே இரண்டு தடவை எண்ணப்பட்டது. மூன்று பேர் ஒரே குண்டுவீச்சு விமானத்தைச் சுடுகிறார்கள், அது புகைந்துகொண்டே மேகத்துக்குள் போகிறது, மூவரும் இறங்கி "நான்தான்" என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஜப்பான்காரர்களும் இதே மாதிரிதான் எண்ணினார்கள், ஐரோப்பாவில் எல்லாத் தரப்பும் அப்படித்தான். 115 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் இல்லாத ஒரு சின்னப் படைக்கு அதுவே பெரிய எண்.

#5 வாதிபிரதிவாதி

வக்கீல் புத்தி, தேதியைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆள் எடுத்தது 1941 கோடையில், அப்போது அமெரிக்கா நடுநிலை நாடு. அந்த நேரத்தில் சண்டை போட்டிருந்தால் 'கூலிப்படை' என்று வாதாட இடம் உண்டு. ஆனால் முதல் குண்டு சுட்டது டிசம்பர் 20. பேர்ல் ஹார்பர் தாக்குதல் டிசம்பர் 7. அவர்கள் சுடத் தொடங்கியபோது அவர்கள் சொந்த நாடே ஜப்பானோடு போரில் இருந்தது. சொந்த நாட்டின் எதிரியோடு, நேச நாட்டுச் சீருடையில் சண்டை போட்டவனைக் கூலிப்படை என்பது எடுபடாது.

இன்னொன்று. 1942 ஏப்ரலில் லோய்விங் தளத்தில் விமானிகள் ராஜினாமாக் கடிதம் எழுதி ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள். தேய்ந்துபோன விமானங்களில் தாழப் பறந்து சீனத் துருப்புகளுக்குத் தைரியம் காட்டிவிட்டு வா என்ற உத்தரவு பிடிக்கவில்லை. ஷெனால்ட் கடிதங்களை ஏற்கவில்லை, போர்முனையில் இப்படிப் போவது ஓடிப்போவதற்குச் சமம் என்றார். பெரும்பாலோர் தங்கினார்கள். காகிதப்படி அவர்கள் ஒரு கம்பெனியின் ஊழியர்கள், போகிறேன் என்றால் யாரும் சிறையில் போட முடியாது. காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவன் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பான், கணக்கன் அவர்களே.

#6 ரங்கூன்பேரன்

இந்த இழைக்கு என் வீட்டுக் கதையும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

எங்க ஐயா (தாத்தா) ரங்கூன் மொகல் தெருவுல ஒரு கிட்டங்கியில, அதாவது செட்டியார் வட்டிக்கடையில, பெட்டியடிப் பையனா இருந்தவர். 1941ல அவருக்குப் பதினேழு வயசு. அப்போ ரங்கூன் ஜனத்தொகையில பாதிக்கு மேல நம்ம இந்தியர்கள்தான். துறைமுகத்துல மூட்டை தூக்கினதுலேருந்து வட்டிக்கடை வரைக்கும் தெலுங்கும் தமிழும்தான் கேக்குமாம்.

டிசம்பர் 23 காலையில சைரன் ஊதிருக்கு. யாரும் பதுங்கல. ரங்கூன் அதுவரைக்கும் குண்டைப் பார்த்ததில்ல, அதனால ஜனம் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்துருச்சு. ஐயாவும் கிட்டங்கி மாடியில நின்னு அண்ணாந்து பார்த்திருக்கார். "வெள்ளியில அரைஞாண் கட்டின மாதிரி வரிசையா வந்துச்சுடா"ன்னு சொல்வார். அடுத்தாள் ஒருத்தர் காதைப் பிடிச்சு இழுத்துக் கீழே தள்ளலேன்னா நான் இதை எழுதிட்டு இருக்க மாட்டேன். தெருவுல நின்ன கூட்டத்துலதான் அன்னைக்கு அவ்வளவு சாவு. அந்த ஒரு நாள்ல ஆயிரத்துக்கு மேல. ரெண்டு நாள் கழிச்சு, கிறிஸ்துமஸ் அன்னைக்கு, மறுபடி வந்தான்.

மிங்கலடோன் தளத்துலேருந்து எதிர்த்துப் பறந்தது இந்தப் படையோட மூணாவது ஸ்க்வாட்ரனும், பஃபலோ விமானம் வச்சிருந்த பிரிட்டிஷ் ஸ்க்வாட்ரனும். 23ஆம் தேதி இந்தப் படையில ரெண்டு விமானிங்க செத்தாங்க, நீல் மார்ட்டின், ஹென்றி கில்பர்ட். கில்பர்ட்டுக்கு வயசு 22. எங்க ஐயாவை விட அஞ்சு வயசு மூப்பு, அவ்வளவுதான்.

ஐயா அந்த மூக்குல சுறாப் பல்லு வரைஞ்ச பி-40 விமானத்தைக் கண்ணால பார்த்ததே இல்ல. மேலே எங்கேயோ தையல் மெஷின் ஓடுற மாதிரி சத்தம் மட்டும் கேட்டிருக்கு. ஆனா ஒண்ணு சொல்வார். துறைமுகம் பிப்ரவரி கடைசி வரைக்கும் எப்படியோ ஓடிச்சு, கப்பல் கிடைச்சவங்க மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் ஏறிட்டாங்க. எங்க அப்பத்தா குடும்பம் அப்படி வந்ததுதான். வானத்துல தடுக்க ஆளே இல்லாம இருந்திருந்தா அந்த ரெண்டு மாசம் கிடைச்சிருக்காது. ரங்கூன் மார்ச் 8ஆம் தேதி விழுந்துச்சு. ஐயாவுக்குக் கப்பல் கிடைக்கல. புரோம் வரைக்கும் போய், அங்கேருந்து மலையேறி டவுங்குப், அப்புறம் சிட்டகாங். காலரா. வழியில விட்டுட்டு வந்தவங்க பேரை மட்டும் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டார்.

அதனால கணக்கன் அண்ணே, 600 டாலர் எனக்கு அதிகமாத் தெரியல.

#7 கணக்கன்

தம்பி, அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். படிச்சேன்.

#8 ஸ்பேனர்

ஆறு பதிவு விமானிகள் பற்றியே ஓடுது. கீழே நின்னவனைப் பத்தி ஒருத்தர் வாயைத் திறக்கல. நான் விமானப்படையில இருபது வருஷம் இன்ஜின் ஃபிட்டர். இதைப் பேசாம போக மாட்டேன்.

அந்தப் படை சுமார் 300 பேர். அதுல விமானி மூணுல ஒரு பங்குதான். மீதி யார்? இன்ஜின் பார்த்தவன், துப்பாக்கிக்குத் தோட்டா பெல்ட் கோத்தவன், ரேடியோ, சமையல், டாக்டர், குமாஸ்தா. மெக்கானிக் சம்பளம் விமானி சம்பளத்துல பாதிக்கு முன்னே பின்னே. தலைக்கு 500ன்னு போனஸும் கிடையாது. கணக்கன் அண்ணனோட காண்ட்ராக்ட் வாதம் அங்கேயே அடிபட்டுப் போகுது.

இப்போ விமானத்துக்கு வருவோம். பெட்டி பெட்டியா ரங்கூனுக்கு வந்திறங்கிச்சு. 100ல ஒண்ணோட பெட்டி தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு, அதனால 99. குறிபார்க்கிற கருவியும் ரேடியோவும் கூட வரல. உதிரிபாகம்னு தனியா ஒண்ணும் அனுப்பல. பயிற்சியில மோதி உடைஞ்ச விமானம் இருக்கே, அதுதான் ஸ்டோர் ரூம். ஒண்ணைப் பிரிச்சு இன்னொண்ணுக்குப் போடு. டயருக்கு அலைஞ்ச கதை தனி.

பி-40ல இருந்தது ஆலிசன் இன்ஜின், 12 சிலிண்டர், கூலண்ட் ஓடுற டைப். காத்துல குளிர்ற இன்ஜின்ல ஒரு சிலிண்டர் போனாலும் தட்டுத் தடுமாறி வீடு வந்து சேரும். இதுல ரேடியேட்டர்ல ஒரே ஒரு தோட்டா பட்டாப் போதும், கூலண்ட் ஒழுகி, சில நிமிஷத்துல இன்ஜின் இறுகி நின்னுடும். அந்த ரேடியேட்டர் எங்கே இருக்கு தெரியுமா? மூக்குக்குக் கீழே, சுறா வாய்க்குள்ள. எல்லாரும் ரசிச்சுப் பார்க்கிற அந்தப் பல்லுக்கு நடுவுல இருக்கிற ஓட்டைதான் விமானத்தோட உயிர்நிலை. (வட ஆப்பிரிக்காவுல பிரிட்டிஷ் 112ஆம் ஸ்க்வாட்ரன் வரைஞ்சதோட படத்தைப் பத்திரிகையில பார்த்துட்டு இவங்க வரைஞ்சாங்க.)

ஷெனால்ட் சொல்லிக்கொடுத்த சண்டை முறையே இந்த எடையை வச்சுத்தான். ஜப்பான் கி-27 லேசான விமானம், சட்டுன்னு திரும்பும். அதோட சுத்திச் சுத்திச் சண்டை போட்டா செத்தே. பி-40 கனம், ஆனா மேலேருந்து பாய்ஞ்சா அதைப் பிடிக்க ஆள் இல்ல. அதனால உயரத்துலேருந்து இறங்கு, சுடு, நிக்காம கீழே போய்டு, மறுபடி ஏறு. விமானிக்கு நல்ல பாடம். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இன்ஜின் என்ன பாடு படும்னு மெக்கானிக்கைக் கேளுங்க.

எங்க காலத்துல விமானம் கிளம்புறதுக்கு முன்னாடி எஃப்-700ங்கிற பராமரிப்புப் படிவத்துல கையெழுத்து போடணும். சரியா இருக்குன்னு நான் போடுற கையெழுத்தை நம்பித்தான் மேலே ஒருத்தர் உயிரை வைக்கிறார். ஒரு மழைக்காலத்துல நான் கையெழுத்து போட்ட விமானம் சொன்ன நேரத்துக்குத் திரும்பல. இருபத்தஞ்சு நிமிஷம். கையில டீ டம்ளர் இருந்துச்சு, ஒரு வாய் இறங்கல. ஆடை கட்டிப் போச்சு. அப்புறம் வேற தளத்துல இறங்கிட்டார்னு போன் வந்துச்சு. அந்த ஆறிப்போன டீயைத்தான் குடிச்சேன், அவ்வளவு ருசியா டீ அப்புறம் குடிச்சதில்ல.

1996ல மெடல் கொடுத்தாங்களே, அப்போ விமானிகளுக்கு 'டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ்', தரைப் பணியாளர்களுக்கு 'ப்ரான்ஸ் ஸ்டார்' (வெண்கல நட்சத்திரம்). படை கலைஞ்சு 54 வருஷம் கழிச்சு. அதுக்குள்ள எத்தனை பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒண்ணு மட்டும் மனசுக்கு நிறைவு. அந்தப் படையில கடைசியா உயிரோட இருந்தவர் விமானி இல்ல. ஃப்ராங்க் லோசோன்ஸ்கி, மூணாவது ஸ்க்வாட்ரன்ல க்ரூ சீஃப். மெக்கானிக்! 2020 பிப்ரவரியில 99 வயசுல காலமானார்.

#9 சும்மாவந்தேன்

ஸ்பேனர் சாருக்கு ஒரு டீ.

#10 பழையபேப்பர்

ஸ்பேனர் சார், என் முதல் பதிவைத் திருப்பிப் படித்தேன். சம்பளக் கணக்கு எழுதியபோதுகூட விமானி சம்பளம்தான் எழுதியிருக்கிறேன். தப்புதான்.

ரங்கூன் துறைமுகம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். டிசம்பர் குண்டுவீச்சுக்குப் பிறகு துறைமுகக் கூலிகள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சீனாவுக்காக வந்த அமெரிக்கச் சரக்கு இறக்க ஆளில்லாமல் குவிந்து கிடந்தது. அதிலிருந்து டயர், உதிரிபாகம் என்று கைக்குக் கிடைத்ததை லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுபோனவர்களும் இந்தத் தரைப் பணியாளர்கள்தான். படையின் பாதிரியாரே லாரி ஓட்டினார்.

#11 செஞ்சட்டை

அமெரிக்கனைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தா எப்படி? அவங்களுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1937 கடைசியில, சோவியத் விமானிகள் சீனாவுல சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கும் 'தன்னார்வலர்'னுதான் பேர். ஐ-15, ஐ-16 விமானம். நான்ஜிங், வூஹான் வானத்துல. 1938 பிப்ரவரி 23 அன்னைக்கு தைவான் வரைக்கும் போய் ஜப்பான் விமானதளத்துல குண்டு போட்டுட்டு வந்தாங்க. 200 பேருக்கு மேல செத்தாங்க. வூஹான்ல ஜியெஃபாங் பூங்காவுல நினைவிடம் இருக்கு. நம்ம ஆளுக யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா? ஹாலிவுட் வச்சிருக்கிறவன் புலி, இல்லாதவன் அனாமத்து.

#12 கணக்கன்

செஞ்சட்டை சொன்னது நியாயம். ஆனா அவங்க அரசு உத்தரவுல வந்தவங்க. 'வர்றியா?'ன்னு கேட்டப்போ 'மாட்டேன்'னு சொல்ல எத்தனை பேருக்கு வாய்ப்பு இருந்திருக்கும்? தன்னார்வலர்ங்கிற சொல்லே ஒவ்வொரு நாட்டுல ஒவ்வொரு அர்த்தம் போல.

#13 மட்டுறுத்துநர்

அமெரிக்கா எதிர் சோவியத் சண்டைக்கு அரசியல் பகுதியில் ஏற்கெனவே ஒன்பது இழைகள் இருக்கின்றன. பத்தாவது வேண்டாம். இந்தப் பதிவுக்குக் கீழே வந்த நான்கு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன்.

#14 இரவுப்பணி

டூட்டி முடிஞ்சு வந்து படிச்சேன். நான் நர்ஸ். அந்தப் படையில ரெண்டு நர்ஸ் இருந்தாங்க, ஜோ ஸ்டூவர்ட், எம்மா ஜேன் ஃபாஸ்டர். ஸ்பேனர் சார் லிஸ்ட்லேயும் டாக்டர் இருக்கார், நர்ஸ் இல்ல. வழக்கமா நடக்கிறதுதான், விடுங்க.

ஃபாஸ்டர் அந்தப் படையிலேயே ஜான் பெடாக் என்ற விமானியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. படை கலைஞ்ச தேதி ஜூலை 4. ஒப்பந்தம் முடிஞ்சது, கிளம்பி ஊருக்குப் போயிருக்கலாம். புது ராணுவப் பிரிவு தயாராகிற வரைக்கும் ரெண்டு வாரம் கூட இருங்கன்னு கேட்டாங்க. சிலர் சரின்னாங்க, பெடாக்கும் சரின்னார். ஜூலை 10 அன்னைக்குத் தரைத் தாக்குதல்ல அவர் விமானம் விழுந்து இறந்துட்டார். ஃபாஸ்டர் அப்போ கர்ப்பமா இருந்தாங்க.

ஒப்பந்தம் முடிஞ்சு ஆறு நாள். சம்பளம், போனஸ், காண்ட்ராக்ட் எல்லாம் பேசினீங்களே, இந்த ஆறு நாளை எந்தக் கணக்குல எழுதுவீங்க?

#15 வாதிபிரதிவாதி

அந்த ஜூலை மாதக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. ராணுவத்தில் சேரச் சொல்லி வந்த ஜெனரல் பிஸ்ஸல், "சேராவிட்டால் ஊரில் கப்பல் இறங்கியதும் கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் காத்திருப்பான்" என்ற தோரணையில் பேசினார். ஒரு வருஷம் மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் கிடந்தவர்கள், பேச்சைக் கேட்டுக் கொதித்துப்போனார்கள். சீனாவிலேயே ராணுவத்தில் சேர்ந்த விமானிகள் ஐந்து பேர்தான். அதனால் 'இவர்கள் பணத்துக்கு வந்தவர்கள்' என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. ஆனால் ஊருக்குப் போனவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜேம்ஸ் ஹோவர்ட் ஐரோப்பாவில் பறந்து, அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான 'மெடல் ஆஃப் ஆனர்' வாங்கினார். ஷெனால்ட்டோடு முட்டிக்கொண்டு பாதியில் போன பாயிங்டன் பசிபிக்கில் மரைன் விமானியாக அதே மெடலை வாங்கினார். நாலு அதட்டு வார்த்தைக்குப் பதில் ஒரு மாத விடுப்பு கொடுத்திருந்தால் பாதிப் பேர் அங்கேயே தங்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

#16 மண்சாலை

நான் சாலைப் பணியில் இருப்பவன், அதனால் என் கண்ணுக்கு ரன்வேதான் தெரிகிறது. சீனாவில் அந்த விமானதளங்களைப் போட்டது இயந்திரம் இல்லை. ஊர் ஜனம் கல்லைக் கையால் உடைத்து, கூடையில் சுமந்து, பரப்பி, அதன்மேல் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட கல் உருளையை வடம் கட்டி இழுத்தார்கள். நூற்றுக்கணக்கான ஆணும் பெண்ணும், நம் ஊரில் தேர் இழுக்கிற மாதிரி. ஒரு வித்தியாசம், தேருக்கு முட்டுக்கட்டை போட ஆள் உண்டு. சரிவில் உருளை ஓட ஆரம்பித்தால் அதை நிறுத்த முடியாது, முன்னால் விழுந்தவன் கதி அதோகதி.

எச்சரிக்கை ஏற்பாடும் அவர்கள்தான். ஊருக்கு ஊர் காவலாள், கையில் தொலைபேசியோ ரேடியோவோ. விமானச் சத்தம் கேட்டால் அடுத்த ஊருக்குச் சொல்லு. ஜப்பான் விமானம் வந்து சேருவதற்குள் பி-40 மேலே ஏறி உயரத்தில் காத்திருக்கும். ஸ்பேனர் சார் சொன்ன 'மேலேயிருந்து பாய்' உத்தி இந்த ஜனம் இல்லாமல் பலிக்காது. தளத்தில் கம்பத்தில் பந்து ஏற்றுவார்கள், ஒரு பந்து என்றால் எங்கோ கிளம்பிவிட்டான், இரண்டு என்றால் கிட்டே வந்துவிட்டான்.

விமானிகளின் மேல்சட்டை முதுகில் பட்டுத் துணி ஒன்று தைத்திருக்கும். சீனக் கொடியும் சீன எழுத்தும். 'போரில் உதவ வந்த அயல்நாட்டவர் இவர், படைவீரரும் பொதுமக்களும் காப்பாற்றுங்கள்' என்பது சாரம். பாராசூட்டில் குதித்தவனை வயல்காட்டில் கண்டெடுத்து, ஒளித்து, சோறு போட்டு, நடத்திக் கூட்டிவந்து தளத்தில் விட்டது அந்தக் கிராமத்தான். பிடிபட்டால் ஊரையே கொளுத்துவார்கள் என்று தெரிந்தே செய்தார்கள். அவர்களுக்கு மாதம் 600 டாலரும் இல்லை, 1991உம் இல்லை.

#17 ரங்கூன்பேரன்

மண்சாலை அண்ணே, அந்தத் துணி விஷயம் படிச்சதும் ஐயா நினைப்புதான். அரக்கான் மலையில ஒரு பர்மிய வீட்டுல ரெண்டு நாள் வச்சு அவருக்குக் கஞ்சி ஊத்தியிருக்காங்க. அவர் முதுகுல எந்தத் துணியும் இல்ல.

#18 கணக்கன்

சரி, என் நிலையைச் சொல்லிடறேன். 'கூலிப்படை' என்ற சொல்லை வாபஸ் வாங்கறேன். 296 என்ற எண்ணை வாபஸ் வாங்க விட மாட்டேன், கல்வெட்டுல எழுதினா பக்கத்துலேயே 115ஐயும் எழுதணும். அப்புறம் மெக்கானிக், நர்ஸ், உருளை இழுத்த ஜனம் எல்லாம் முதல் வரியில வரணும், ஓரத்துல 'மற்றும் பலர்'னு வேண்டாம்.

#19 ஸ்பேனர்

அண்ணே சொல்றது இருக்கட்டும். இழைத் தலைப்புல இன்னும் 'விமானிகளை'ன்னு மட்டும்தான் இருக்கு.

#20 பழையபேப்பர்

மாற்றப் பார்த்தேன் சார். 'விமானிகளையும், மெக்கானிக்குகளையும், நர்ஸ்களையும், ரன்வே போட்ட ஊர் ஜனத்தையும்' என்று அடித்தால் எழுத்து வரம்பைத் தாண்டிவிட்டது என்று தளம் ஏற்க மறுக்கிறது. மட்டுறுத்துநர் கொஞ்சம் பார்க்கவும்.